கொட்டுவதும் கோப்பதும்: மனத்தை உறுத்துவதை எழுதிப் பார்த்தல்



தமிழ்த்துறையின் அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு உளவியல் துறையைச் சேர்ந்த என்னை அழைத்தபோது, எழுத்தைப் பற்றித்தான் பேச வேண்டும் என்று முடிவு செய்தேன். இலக்கியமாகும் எழுத்தைப் பற்றிப் பேச இங்கே என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறீர்கள். யாரும் படிக்கப்போவதில்லை என்று தெரிந்தே ஒருவர் எழுதுகிறாரே, அந்த எழுத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். வீட்டில் எல்லாரும் படுத்த பிறகு அடுப்படி விளக்கில், பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதப்படும் எழுத்து அது. அச்சுக்கு வராது, பரிசு பெறாது, பல நேரம் எழுதியவரே கிழித்துப் போட்டுவிடுவார். அந்த எழுத்து மனிதருக்கு என்ன செய்கிறது, எப்போது செய்யாமல் போகிறது என்பதே என் பேச்சு.

மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்று சொன்ன வைத்தியர் கதை நம் எல்லாருக்கும் தெரியும். அதுவரை குரங்கைப் பற்றி எண்ணியே பார்த்திராத அந்த மனிதருக்கு, கிண்ணத்தை வாயருகே கொண்டுபோகும்போதெல்லாம் குரங்கு வந்து நின்றது. இதையே 1987இல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் டெக்சாஸிலுள்ள டிரினிடி பல்கலைக்கழகத்தில் சோதனையாகச் செய்து பார்த்தார். குரங்குக்குப் பதில் அவர் எடுத்துக்கொண்டது வெள்ளைக் கரடி. மாணவர்களைத் தனியே உட்காரவைத்து, மனத்தில் ஓடுவதை ஐந்து நிமிடம் வாய்விட்டுச் சொல்லச் சொன்னார். வெள்ளைக் கரடியை நினைக்கக் கூடாது, நினைத்தால் மணி அடிக்க வேண்டும். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு, ‘இப்போது தாராளமாக நினைக்கலாம்’ என்று விட்டபோது, முதலில் தடுக்கப்பட்டவர்கள், தொடக்கத்திலிருந்தே நினைக்க அனுமதி பெற்றிருந்தவர்களைக் காட்டிலும் அதிகமாகக் கரடியை நினைத்தார்கள். அமுக்கிவைத்த எண்ணம் பலம் சேர்த்துக்கொண்டு எழுந்தது.

துக்க வீட்டில், தேர்வில் தோற்ற பிள்ளையிடம், சீட்டுப் பணத்தை இழந்தவரிடம் நாம் என்ன சொல்கிறோம்? ‘அதையே நினைச்சுக்கிட்டு இருக்காதே’, ‘விட்டுத் தள்ளு’. சொல்பவர் அன்போடுதான் சொல்கிறார். கேட்பவரும் முயல்கிறார், முடியவில்லை. அப்போது பழைய வேதனையோடு ‘என்னால் இதைக்கூட விட முடியவில்லையே’ என்ற புதிய வேதனையும் சேர்ந்துகொள்கிறது. ஆலோசனை அறையில் என் எதிரே வந்து உட்கார்ந்தவர்களில் பலர் இந்த இரண்டாவது வேதனையால்தான் அதிகம் துவண்டிருந்தார்கள்.

எண்ணத்தை விரட்டாமலே விடுவதற்கு ஒரு வழி உண்டா? இந்தக் கேள்விக்கு ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த பதில்களில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது ஜேம்ஸ் பென்னிபேக்கரின் வேலை. 1980களில் அவர் டாலஸ் நகரின் சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தில் இருந்தார். வாழ்க்கைத் துணையை விபத்திலோ தற்கொலையிலோ திடீரென்று இழந்தவர்களைப் பற்றி 1984இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். அந்த மரணத்தைப் பற்றி நண்பர்களிடம் பேசியவர்களுக்கு உடல் தொல்லை குறைவாக இருந்தது. பேசாமல் உள்ளேயே வைத்திருந்தவர்கள் அதையே திரும்பத் திரும்ப நினைத்தார்கள், அதிகம் நோய்ப்பட்டார்கள். பேச ஆளில்லாதவர் என்ன செய்வார்? பேசினால் குடும்பமே உடைந்துவிடும் என்ற நிலையில் இருப்பவர் என்ன செய்வார்? அங்கேதான் தாள் வருகிறது.

1986இல் சாண்ட்ரா பீல் என்ற மாணவியோடு சேர்ந்து அவர் வெளியிட்ட சோதனையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அதன் நுட்பத்தை விட்டுவிட்டு முடிவை மட்டும் எடுத்துக்கொண்டதால்தான் ‘மனசில் இருப்பதை எழுதிக் கொட்டிவிடு’ என்ற அரைகுறை அறிவுரை உலகமெல்லாம் பரவியது. 46 மாணவர்கள். தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம், தனியறை. ஒரு குழு தம் அறை, காலணி போன்ற சாதாரணப் பொருள்களைப் பற்றி எழுதியது. இன்னொரு குழு வாழ்வில் நேர்ந்த பெருந்துயரில் நடந்தது என்ன என்பதை மட்டும் எழுதியது. மூன்றாவது குழு அதைப் பற்றித் தாம் உணர்ந்ததை மட்டும். நான்காவது குழு இரண்டையும் சேர்த்து. எழுதி முடித்த கையோடு அளந்தபோது துயரத்தை எழுதியவர்களின் மனநிலை முன்பைவிடத் தாழ்ந்திருந்தது, இரத்த அழுத்தமும் ஏறியிருந்தது. அங்கேயே நிறுத்தியிருந்தால் ‘எழுதுவது கெடுதல்’ என்று முடிவு கட்டியிருப்பார்கள். ஆனால் அடுத்த ஆறு மாதத்தில் யார் எத்தனை முறை பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குப் போனார்கள் என்று பார்த்தார்கள். நடந்ததையும் உணர்ந்ததையும் சேர்த்து எழுதிய குழு குறைவாகப் போயிருந்தது.

நடந்ததை மட்டும் எழுதியவர்களுக்கு அந்தப் பயன் கிடைக்கவில்லை. உணர்ச்சியை மட்டும் எழுதியவர்களிடமும் அது தெளிவாகத் தெரியவில்லை. இதை நாம் அழுத்தமாக மனத்தில் கொள்ள வேண்டும். கொட்டுவது போதவில்லை. ‘பாவி’, ‘துரோகி’, ‘நான் ஏன் பிறந்தேன்’ என்று பக்கம் பக்கமாக எழுதினாலும் அது நடந்ததோடு கோக்கப்படாவிட்டால் மனத்திலேயே கிடக்கிறது. கோபத்தைக் கொட்டித் தீர்த்தால் தணியும் என்ற நம்பிக்கையை 2002இல் பிராட் புஷ்மன் என்ற அமெரிக்க ஆய்வாளரும் சோதித்தார். தம்மை அவமதித்தவரை நினைத்துக்கொண்டே மணல்மூட்டையைக் குத்தியவர்களின் கோபம், சும்மா உட்கார்ந்திருந்தவர்களின் கோபத்தைக் காட்டிலும் அதிகமாக இருந்தது.

கோப்பது என்றால் என்ன? பென்னிபேக்கரும் உடனிருந்தோரும் பின்னர் அந்த எழுத்துகளின் சொற்களையே எண்ணிப் பார்த்தார்கள். 1997இல் வெளியான ஆய்வில் ஒரு விஷயம் தெரிந்தது. முதல் நாளிலிருந்து கடைசி நாளுக்குள் ‘ஏனென்றால்’, ‘அதனால்’, ‘இப்போது புரிகிறது’ போன்ற சொற்கள் யாருடைய எழுத்தில் கூடிக்கொண்டே போயினவோ அவர்களுக்கே பயன் கிடைத்திருந்தது. முதல் நாளே கோவையான கதையோடு வந்து நான்கு நாளும் அதையே ஒப்பித்தவர்களுக்கு அவ்வளவாக இல்லை. 2003இல் ஷெர்லக் கேம்பலோடு சேர்ந்து செய்த ஆய்வு இன்னொன்றைக் காட்டியது: தன்னைப் பற்றியே பேசும் வாக்கியங்களுக்கும் பிறரைப் பற்றிய வாக்கியங்களுக்கும் இடையே நாளுக்கு நாள் இடம் மாறிக்கொண்டவர்களின் உடல்நலம் மேம்பட்டிருந்தது.

நான் பார்த்த வரையிலும் இது உண்மை. அப்பாவின் அடியை எழுதுகிறவர் முதல் நாள் அடியை மட்டும் எழுதுவார். மறுநாள் அந்த வருடம் மழை பொய்த்தது, கடன்காரர் வாசலில் நின்றார் என்பதெல்லாம் வரும். அதற்கடுத்த நாள், ‘அப்போது எனக்குப் பத்து வயதுகூட ஆகவில்லை. பத்து வயதுப் பிள்ளை என்ன செய்திருக்க முடியும்?’ என்று ஒரு வரி வரும். அப்பாவை மன்னித்துவிட்டார் என்று பொருளில்லை, மன்னிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. இத்தனை காலம் தன்மேல் போட்டுக்கொண்ட பழியை அந்த வரியில் எடுத்து உரிய இடத்தில் வைக்கிறார். உதிரிப் பூவைக் கூடையிலிருந்து ஒவ்வொன்றாகத்தான் அள்ள முடியும். நாரில் கட்டிவிட்டால் ஒரு நுனியைப் பிடித்து எடுத்து அப்பால் வைத்துவிடலாம். நினைவும் அப்படியே. தொடக்கமும் நடுவும் முடிவும் கொண்ட கதையாக அது ஆன பிறகுதான் எடுத்து வைக்க முடிகிறது.

இந்த முறை கல்லூரி மாணவர்களோடு நிற்கவில்லை. 1994இல் வெளியான ஓர் ஆய்வு, டாலஸில் ஒரு தொழில்நுட்ப நிறுவனத்தில் நெடுங்காலம் உழைத்து, நடுவயது தாண்டித் திடீரென்று வெளியேற்றப்பட்ட பொறியாளர்களைப் பற்றியது. வேலை போன வேதனையை ஐந்து நாள் எழுதியவர்களில், எழுதாதவர்களைவிட அதிகமானோர் எட்டு மாதத்துக்குள் வேறு வேலையில் அமர்ந்திருந்தார்கள். அவர்கள் அதிக விண்ணப்பம் போடவில்லை. நேர்காணலில் பழைய முதலாளிமேல் இருந்த கசப்பு வாயில் வராமல் போனதே காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். 1999இல் ஜோஷுவா ஸ்மித்தும் உடனிருந்தோரும் ஆஸ்துமா, முடக்குவாதம் உள்ள 112 நோயாளிகளை வைத்துச் செய்த சோதனையில், துயரத்தை மூன்று நாள் எழுதியவர்களில் 47 விழுக்காட்டினருக்கு நான்கு மாதத்துக்குப் பின் மருத்துவ அளவில் முன்னேற்றம் தெரிந்தது. சாதாரண விஷயங்களை எழுதியவர்களில் அது 24 விழுக்காடு. மருந்தை நிறுத்திவிட்டு எழுதினார்கள் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம், மருந்தோடு சேர்த்தே எழுதினார்கள்.

இவ்வளவு சொன்ன நான் மறுபக்கத்தையும் சொல்லக் கடமைப்பட்டவன். 2006இல் ஜோஆன் ஃபிராட்டரோலி 146 சோதனைகளைச் சேர்த்து ஆராய்ந்தார். பயன் இருக்கிறது, ஆனால் சராசரியில் சிறியது என்பது அவர் முடிவு. தேர்வுக்கு முன் பத்து நிமிடம் பயத்தை எழுதினால் மதிப்பெண் கூடும் என்று 2011இல் சிகாகோவிலிருந்து ஓர் ஆய்வு ‘சயன்ஸ்’ இதழில் வந்தது. பலரும் அதை உற்சாகமாகப் பரப்பினார்கள். பெயர்பெற்ற 21 சமூக அறிவியல் ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்து 2018இல் முடிவை வெளியிட்டபோது, உறுதிப்படாமல் போனவற்றில் இந்தத் தேர்வு ஆய்வும் ஒன்று. ஆகவே, நீட் எழுதப்போகும் பிள்ளையிடம் ‘எழுது, மார்க் வரும்’ என்று வாக்குறுதி தராதீர்கள். பயத்தை எழுதுவதால் பயம் சற்று இறங்கினால் அதுவே போதும். அந்தப் பிள்ளைக்கு வேண்டியது மதிப்பெண் மட்டும்தானா?

சிலருக்கு எழுதுவது தீங்காகவும் முடியும். அரிசோனா பல்கலைக்கழகத்தின் டேவிட் ஸ்பாராவும் உடனிருந்தோரும் 2013இல், சமீபத்தில் மணவாழ்வு முறிந்த 90 பேரைக் கொண்டு செய்த ஆய்வை வெளியிட்டார்கள். ‘ஏன் நடந்தது, ஏன் எனக்கு நடந்தது’ என்று ஏற்கெனவே இரவு பகலாகக் காரணம் தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு, உணர்ச்சியைத் தோண்டி எழுதியபோது மீள்வதற்கு அதிகக் காலம் ஆனது. அதே இயல்புடையவர்களில், அன்றன்று செய்த வேலைகளைச் சும்மா எழுதியவர்கள் சீக்கிரம் தேறினார்கள். ‘காலையில் எழுந்தேன், துணி துவைத்தேன், ரேஷன் கடைக்குப் போனேன்’ என்று எழுதுவதே அவர்களுக்கு மருந்து. ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வருகிற மனத்துக்கு மேலும் சுற்றுவதற்குத் தாளைக் கொடுக்கக் கூடாது. மூன்று நாள் எழுதியும் முதல் நாள் வரிகளே திரும்ப வருகின்றன என்றால், நிறுத்திவிட்டு அன்றாடத்தை எழுதுங்கள்.

பழைய காயத்தைப் பற்றி இவ்வளவு நேரம் பேசினேன். ஆனால் இரவில் தூக்கத்தைக் கெடுப்பது எப்போதும் காயமே இல்லை. பள்ளிக் கட்டணம், மாமியாரின் கண் ஆபரேஷன், நாளை மேலாளரிடம் சொல்ல வேண்டிய பதில். இவை கவலைகள். கவலைக்குக் கதை வேண்டாம், பட்டியல் போதும். பேய்லர் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்கல்லின் 57 இளைஞர்களைத் தூக்க ஆய்வகத்தில் படுக்கவைத்து, படுக்குமுன் ஐந்து நிமிடம் எழுதச் சொன்னார். பாதிப் பேர் அடுத்த சில நாளில் செய்ய வேண்டியவற்றை எழுதினார்கள், மற்றவர்கள் அதுவரை செய்து முடித்தவற்றை எழுதினார்கள். 2018இல் வந்த முடிவு எனக்கே வியப்பாக இருந்தது. செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சுமார் ஒன்பது நிமிடம் முன்னதாகவே தூங்கிப்போனார்கள். விவரமாக எழுதியவர்கள் இன்னும் சீக்கிரம். ‘பணம்’ என்று எழுதினால் பயன் குறைவு. ‘வெள்ளிக்கிழமை சங்கத்துக்குப் போய் நகைக்கடன் வட்டி எவ்வளவு என்று கேட்க வேண்டும்’ என்று எழுதினால், நினைவில் வைத்துக்கொள்ளும் வேலையை மனம் தாளிடம் ஒப்படைக்கிறது. இந்தத் தாளைக் கிழிக்கக் கூடாது, காலையில் கண்ணில் படும் இடத்தில் வைக்க வேண்டும்.

இன்றைய கோபத்துக்கோ கிழிப்பதே நல்லது. ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் கனயா, கவாய் என்ற இருவர் செய்த சோதனை 2024இல் வெளியானது. மாணவர்கள் ஒரு சமூகப் பிரச்சினை பற்றிக் கருத்து எழுதினார்கள். அதற்குக் குறைந்த மதிப்பெண்ணும், படித்தவர் எழுதுகிற எழுத்தா இது என்ற ரீதியில் இளக்காரமான குறிப்பும் திரும்பி வந்தன. தமக்கு வந்த கோபத்தைத் தாளில் எழுதியபின், சிலர் அதைக் குப்பையில் எறிந்தார்கள் அல்லது துண்டாக்கும் இயந்திரத்தில் போட்டார்கள். மற்றவர்கள் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள். எறிந்தவர்களின் கோபம் பழைய நிலைக்கே இறங்கியது. வைத்துக்கொண்டவர்களுக்குக் கொஞ்சம்தான் இறங்கியது. அந்த வட்டாரத்தில் கியோசு என்ற ஊரின் கோயிலில், தம்மைக் கோபப்படுத்தும் காரியங்களுக்கு அடையாளமாகச் சிறு தட்டுகளை உடைக்கும் வழக்கம் இருப்பதை ஆய்வாளர்களே நினைவுபடுத்துகிறார்கள்.

மாட்ரிட்டில் பப்லோ பிரின்யோலும் உடனிருந்தோரும் 2013இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு முந்தையது. தம் உடலைப் பற்றிய தாழ்வான எண்ணங்களை எழுதிய பள்ளி மாணவர்களில், தாளை எறிந்தவர்களை அந்த எண்ணம் பிறகு அவ்வளவாகப் பாதிக்கவில்லை. ஆனால் நல்ல எண்ணங்களை எழுதி எறிந்தவர்களுக்கு அந்த நல்ல எண்ணமும் வலுவிழந்தது! அதனால் எதை எறிகிறோம் என்று பார்த்து எறிய வேண்டும். கணினியில் எழுதிய கோப்பைக் குப்பைத்தொட்டிப் படத்துக்கு இழுத்துப் போட்டாலும் பலித்தது. எறிவதாகக் கற்பனை மட்டும் செய்தால் பலிக்கவில்லை. கை ஏதாவது செய்ய வேண்டியிருக்கிறது.

இதைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது விருத்தாசலத்தை அடுத்த மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயில். அங்கே பிராது கட்டுகிற வழக்கத்தை உங்களில் பலர் அறிவீர்கள். களவு போன நகை, பிரிந்துபோன மகன், ஏமாற்றிய பங்காளி என்று தம் குறையைத் தாளில் விவரமாக எழுதி, சுவாமி முன் வைத்து, பிறகு முனியப்பர் சன்னிதியில் கட்டிவிட்டு வருகிறார்கள். காரியம் முடிந்ததும் வந்து பிராதைத் திரும்பப் பெறும் முறையும் உண்டு. தெய்வம் கேட்கிறதா என்பது என் துறைக்கு உட்பட்ட கேள்வி இல்லை. ஆனால் அந்தத் தாளில் என்னென்ன இருக்கிறது பாருங்கள். யார், எந்த ஊர், என்ன நடந்தது, யாரால் நடந்தது, எனக்கு என்ன வேண்டும். மனுவாக எழுத வேண்டியிருப்பதால் புலம்பல் ஒழுங்குக்கு வந்துவிடுகிறது. எழுதியபின் அது கையைவிட்டும் போகிறது, வழக்கு இனி வேறொருவர் பொறுப்பு. வீட்டுக்குத் திரும்பும் பேருந்தில் அந்தத் தாய் கண்ணயர முடிவதற்கு இவ்வளவும் சேர்ந்துதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். நம் மக்கள் இதை எந்த ஆய்வகத்திலும் கற்கவில்லை.

எழுதத் தெரியாதவர்களுக்கு என்ன வழி என்று ஒரு மாணவி சென்ற மாதம் கேட்டார். எழுத்தில் மந்திரம் எதுவும் இல்லை. ஒலிப்பதிவுக் கருவியில் தனியே பேசியவர்களிடமும் இதே பயனைக் கண்டிருக்கிறார்கள். நம் ஒப்பாரியைக் கவனித்துக் கேட்டவர்களுக்கு இது புரியும். இறந்தவரை முன்னிலையில் விளித்து, அவர் தன்னை எப்படி வைத்திருந்தார், இனித் தன் நிலை என்ன என்று நடந்ததையும் உணர்ந்ததையும் அந்தப் பெண் அடியடியாகக் கோத்துப் பாடுகிறாள். அதைக் கேட்க ஊரும் கூடியிருக்கிறது. ஒப்பாரியை நாகரிகம் இல்லாதது என்று பல குடும்பங்கள் நிறுத்திவிட்டன. நிறுத்தியவர்கள் அதன் இடத்தில் எதையும் வைக்கவில்லை என்பது என் வருத்தம்.

தமிழ் படிக்கும் உங்களிடம் தனியாகச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. நம்மிடம் பேச்சு ஒன்றாகவும் எழுத்து வேறாகவும் இருக்கிறது. ‘எழுதுங்கள்’ என்று சொன்னவுடன் பலர், ‘எனது வாழ்வில் நிகழ்ந்த துயரச் சம்பவம் யாதெனில்’ என்று தொடங்குகிறார்கள். மூன்றாவது வரியில் கண்ணீர் காய்ந்துவிடுகிறது, எழுதியது கட்டுரைப் போட்டிக்கு அனுப்பலாம் போல இருக்கிறது. பள்ளியில் எழுத்து என்றாலே சிவப்பு மை. ரகரமா றகரமா என்ற பயம் இன்னும் விரலில் இருக்கிறது. நான் எப்போதும் சொல்வது இது: உங்கள் அம்மாவிடம் பேசுகிற பேச்சிலேயே எழுதுங்கள். ‘அவன் என்னப் பாத்து அப்புடிச் சொன்னப்ப’ என்று வந்தால் அப்படியே எழுதுங்கள். நெல்லைப் பேச்சு என்றால் நெல்லைப் பேச்சு, கொங்கு என்றால் கொங்கு. திட்டுவதற்கும் அழுவதற்கும் நாம் எந்தப் பேச்சில் பழகினோமோ அந்தப் பேச்சில்தான் அந்த நினைவு சேமிக்கப்பட்டிருக்கிறது. சில மாணவர்கள் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு வருகிறார்கள். வீட்டில் யாரும் படித்துவிடக் கூடாது என்பது ஒரு காரணம், சற்றுத் தள்ளி நின்று பார்க்க முடிகிறது என்பது இன்னொன்று. அதில் தவறில்லை. ஆனால் நடுவில் ஒரு வாக்கியம் தமிழில் வந்தால் அதைத் தடுக்காதீர்கள், பெரும்பாலும் அதுதான் எழுத வேண்டிய வாக்கியம்.

பழைய காயத்தை எப்படி எழுதுவது? நாளுக்கு 15 அல்லது 20 நிமிடம், தொடர்ந்து மூன்று நான்கு நாள். ஆயுள் முழுதும் டைரி எழுத வேண்டியதில்லை. ஒரே விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். என்ன நடந்தது, அப்போது என்ன உணர்ந்தீர்கள், இப்போது என்ன உணர்கிறீர்கள், இவை மூன்றும் கலந்து வரட்டும். கையை நிறுத்தாமல், அடித்தல் திருத்தல் பார்க்காமல் எழுதுங்கள். எழுத ஒன்றும் வரவில்லை என்றால் கடைசி வரியையே மறுபடி எழுதுங்கள், அடுத்தது வரும். மூன்றாம் நாள் ஒருமுறை ‘நான்’ என்பதை விட்டு ‘அவள்’ என்றோ ‘அவன்’ என்றோ எழுதிப் பாருங்கள். முடித்தவுடன் மனம் கனக்கும், அது பெரும்பாலும் அன்றைக்குள் தணியும். ஆகவே படுக்கப்போகும் நேரத்தில் எழுத வேண்டாம், எழுதியபின் சற்று நடந்துவிட்டு வர நேரம் இருக்கட்டும்.

நேற்று நடந்த சாவை இன்றே எழுத உட்காராதீர்கள். முதல் சில வாரங்களுக்கு உறவும் உறக்கமும் உணவும்தான் முதல் மருந்து. எழுதும்போது நிலை தடுமாறுவதுபோல இருந்தால் உடனே நிறுத்திவிடுங்கள் என்று பென்னிபேக்கரே சொல்கிறார். வன்கொடுமை, போர், பெருவிபத்து போன்றவற்றின் பாதிப்பில் நெடுநாள் தவிப்பவர்கள் பயிற்சி பெற்றவரின் துணையோடு எழுத வேண்டும். டெனிஸ் ஸ்லோன், பிரையன் மார்க்ஸ் இருவரும் வகுத்த ஐந்து அமர்வு எழுத்துச் சிகிச்சையை, 12 அமர்வு கொண்ட வேறொரு சிறந்த சிகிச்சையோடு 126 பேரிடம் ஒப்பிட்டு 2018இல் வெளியிட்டார்கள். பயனில் அது பின்தங்கவில்லை. நீண்ட சிகிச்சையில் 100க்கு ஏறக்குறைய 40 பேர் பாதியில் நின்றுவிட்டார்கள், எழுத்துச் சிகிச்சையில் 6 பேர்தான் நின்றார்கள். மனநல மருத்துவர் போதாத நம் மாவட்டங்களில் இதைத் தமிழில் பயிற்றுவிக்க வேண்டும் என்பது என் நீண்டநாள் கோரிக்கை.

உயிரை விடலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்க்கிறதா? அதற்குத் தாள் போதாது. அப்போது மனிதக் குரல் வேண்டும். தமிழ்நாடு அரசின் 104, ஒன்றிய அரசின் டெலிமானஸ் 14416, இரண்டும் கட்டணமில்லாதவை, இரண்டிலும் தமிழில் பேசலாம். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தேவைப்படாவிட்டாலும் பக்கத்து அறைக்காரருக்குத் தேவைப்படலாம்.

கடைசியாக, எழுதுபவர்களை விட்டுவிட்டு அவர்களைச் சுற்றி இருப்பவர்களிடம் பேச விரும்புகிறேன். பென்னிபேக்கரின் மாணவர்களுக்குத் தனியறை இருந்தது, தாம் யார் என்பது வெளியே தெரியாது என்ற உறுதி இருந்தது. நம் பெண்களுக்கு அது எங்கே இருக்கிறது? மகளின் நோட்டை அம்மா புரட்டுகிறார், மனைவியின் கைப்பேசி ரகசிய எண் கணவருக்குத் தெரியும், விடுதியில் மேசைக்குப் பூட்டு இல்லை. தினத்தாள் காலண்டரின் பின்பக்கத்தில் எழுதி, அடுப்பில் போட்டு, தண்ணீர் காய்ச்சியதாகச் சொன்ன பெண்களை எனக்குத் தெரியும். எழுதியதைப் படித்துவிட்டதால் படிப்பு நிறுத்தப்பட்ட பெண்களையும் தெரியும். பிறர் படித்துவிடுவார்கள் என்ற பயத்தோடு எழுதுகிறவர் உண்மையை எழுத மாட்டார். உண்மையை எழுதாத எழுத்தால் நான் இதுவரை சொன்ன எதுவும் நடக்காது.

ஆகவே பெற்றோரிடமும் விடுதிக் காப்பாளர்களிடமும் கேட்கிறேன். பிள்ளையின் நோட்டு திறந்தே கிடந்தாலும் மூடிவைத்துவிட்டுப் போங்கள். பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு எதையோ எழுதுகிறது என்று கவலை வந்தால், எழுதியதைப் படிக்காமல் பிள்ளையிடமே கேளுங்கள், ‘சாப்பிட்டியா, தூங்கினியா, என்கிட்ட சொல்லணும்னு ஏதாவது இருக்கா’ என்று. கல்லூரி முதல்வரிடமும் ஒரு விண்ணப்பம். நூலகத்தில் யாரும் எட்டிப் பார்க்க முடியாத நான்கு மேசைகளும், எழுதிய தாளைத் துண்டாக்கிப் போட ஓர் இயந்திரமும், விடுதி மேசை ஒவ்வொன்றுக்கும் ஒரு பூட்டும் இந்தக் கல்வியாண்டுக்குள் செய்து தாருங்கள். இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தார் அனுமதித்தால், இச்சொற்பொழிவுக்காக எனக்கு வழங்கும் தொகையை அந்தப் பூட்டுகளின் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.